நூற்றுக்கு அஞ்சு

பாத்திரங்கள்தான் முதலில் சத்தம் போட்டன. திங்கட்கிழமை சாயங்காலம், வேலை விட்டு வந்த பெண்கள் அடுப்பு பற்றவைக்கிற நேரம். பானுவின் கொட்டகையில் கம்பியில் மாட்டியிருந்த கரண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. தலைக்கு மேல் தகரம் கொஞ்சம் உறுமிவிட்டு அடங்கியது.

"லாரி போவுது" என்றான் முரளி, பாயில் படுத்தபடியே. அவள் புருஷன், கம்பி கட்டுகிறவன்.

லாரி போகிற ரோடு அவர்கள் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. பானு அதைச் சொல்லவில்லை. பூனாவில் எதுதான் குலுங்கவில்லை. மெட்ரோவுக்குத் தோண்டினார்கள், குலுங்கியது. பக்கத்து ஃபேக்டரியில் பெரிய ப்ரெஸ் ஓடினால் டம்ளரில் தண்ணீர் ஆடும்.

மறுநாள் விடிகாலை இன்னொன்று. பகலில் வேலைச் சத்தத்தில் ஒன்றிரண்டு வந்ததாகச் சொன்னார்கள், வராததாகவும் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்ததை மட்டும் எவனாலும் லாரி மேல் போட முடியவில்லை. அடுப்பிலிருந்த குழம்பு தளும்பி நெருப்பை அணைத்தது. சுவரிலிருந்து சில்லுகள் உதிர்ந்து சோற்றில் விழுந்தன. எதிர்க் கட்டடத்து ஃப்ளாட்காரர்கள் கீழே இறங்கி வந்து, கொஞ்ச நேரம் செல்போனில் படம் எடுத்துவிட்டு, லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்கள்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகுர்டியில் எழும்பிக்கொண்டிருந்த அந்த உயரமான கட்டடத்துக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஒரு கோடவுனின் கருங்கல் சுவர் அது. இரண்டு ஆள் உயரம். வேலையாட்களின் கொட்டகைகள் எல்லாம் அதை ஒட்டித்தான் வரிசையாக நின்றன. ஒரு பக்கத்துக்குச் சுவர் ஓசியில் கிடைத்தால் மூன்று பக்கம் தகரம் அடித்தால் போதும், அவ்வளவுதான் விஷயம். சுவருக்கு அந்தப்பக்கம் மொரம் என்கிற சிவப்புச் சரளை மண்ணைக் கொட்டிக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். மழைக்காலம் பாதி தாண்டிவிட்டது. மண் ஊறிப்போய், கல் இடுக்குகளில் செந்தண்ணீர் கசிந்தபடி இருந்தது. நடுவில் ஓரிடத்தில் சுவர் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளி நின்றது. அதன்மேல் ஆணி அடித்துச் சட்டை மாட்டியிருந்தார்கள்.

பானுதான் அந்தக் கும்பலுக்கு முக்காதம். ஆள் சேர்த்து, வேலை பிரித்துக் கொடுத்து, யாருக்காவது அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓடுகிற பொறுப்பு. விழுப்புரத்திலிருந்து வந்த தாய் தகப்பனுக்கு இதே ஊரில் ஒரு மணல் குவியலுக்குப் பக்கத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், வேலையில் இந்தி, சண்டைக்கு மராத்தி. சைட்டில் எல்லாரும் அவளை 'தாயி' என்றுதான் கூப்பிடுவார்கள். மராத்தியில் அது அக்கா. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் அம்மா என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பயப்படுவார்கள். அவள் திருத்துவதில்லை.

புதன்கிழமை மத்தியானம் நில அதிர்வு ஆராய்கிற அரசாங்க ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எங்கே எவ்வளவு ஆடியது என்று ஜனங்களைக் கேட்டு எழுதிக்கொள்கிற வேலை. ஒருவர் வயசான மராத்திக்காரர். இன்னொருத்தி கீர்த்தி. தமிழ்ப் பெண், முப்பது வயசு இருக்கும். மழைக்கோட்டும் சேறு அப்பிய ஷூவுமாகக் கொட்டகை கொட்டகையாகக் குனிந்து நுழைந்தாள்.

"தொங்குற சாமான் ஆடுச்சா? தூங்கினவங்க முழிச்சாங்களா? நின்னவங்க யாராவது தடுமாறினாங்களா?"

"என் வூட்டுக்காரரு தினமும் தடுமாறுவாரு மேடம்" என்றாள் வனஜா. "அத எந்தக் கணக்குல எழுதுவீங்க?"

கீர்த்தி சிரித்துவிட்டாள். ஆனால் சுவரின் வயிற்றுக்கு எதிரே வந்து நின்றபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. கைவைத்துப் பார்த்தாள். கை ஈரமானது. பானுவிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, "இன்னும் ஏதாவது ஆடினா சொல்லுங்க அக்கா" என்று போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் முகாம் முழுக்க மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

பானு கான்கிரீட் வேலையிலிருந்து திரும்பி வந்தபோது பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டவ்வை ஒருத்தி சேலையில் கட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பெரிய அதிர்வு வரும் என்று கவர்மென்ட் ஆபீசரே சொல்லிவிட்டுப் போனாராம். ராத்திரி ரயிலுக்கே கிளம்புகிறார்களாம்.

அவள் கீர்த்திக்குப் போன் போட்டாள். "மேடம், நாளைக்குப் பெரிசா வரும்னு நீங்க சொன்னீங்களா?"

"ஐயோ, யார் சொன்னது? அப்படி ஒரு பேச்சு வெளிய போனா என் வேலை போயிடும் அக்கா. அதுவும் பொய். நாளைக்கு வரும்னு உலகத்துல எவராலயும் சொல்ல முடியாது."

பானு போனைக் கையில் பிடித்தபடியே விசாரித்தாள். சங்கிலி கடைசியில் சுப்பையாவிடம் போய் முடிந்தது. வனஜாவின் புருஷன். ஊரிலிருந்து வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. அந்த வயசான மராத்திக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

"அவரு சொன்னத அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாம."

"கல் கா ஜட்கா படா தா. அதத்தான் சொன்னாரு. கல்லுன்னா நாளைக்கு, ஜட்கான்னா குலுக்கல், படான்னா பெரிசு. எனக்கு இந்தி வராதுன்னு நெனைக்கிறியா தாயி?"

பானு நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "இந்தியில நேத்துக்கும் கல்லுதான்டா, நாளைக்கும் கல்லுதான். பின்னால 'தா' வந்தா முடிஞ்சு போனது. நேத்து வந்த ஆட்டம் பெரிசா இருந்துச்சேன்னு உன்னாண்ட பேச்சு குடுத்திருக்காரு."

"நேத்தா?" சுப்பையாவுக்கு மனசு ஒப்பவில்லை. "வந்ததுலருந்து ஸ்டோர்ல போயி கையுறை கேக்குறேன். 'கல் ஆயேகா, கல் ஆயேகா'ன்றான். அவன் வாயில கல்லுன்னா நாளைக்குத்தான?"

"அவன் கல்லு நாளைக்கும் இல்ல, நேத்தும் இல்ல" என்றான் முரளி. "அது வரவே வராது."

முகாமே சிரித்தது. பயந்து போயிருந்தவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். மூட்டைகள் அவிழ்ந்தன. சுருட்டின பாய்கள் மறுபடி அதே சுவரோரம் விரிந்தன.

பானு போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். "சரி மேடம். நாளைக்கு வரும்னு சொல்ல முடியாது. வராதுன்னு சொல்ல முடியுமா?"

"அதுவும் முடியாது அக்கா."

"பின்ன என்னாதான் தெரியும்?"

கேட்ட விதம் முரட்டுத்தனமாக இருந்தாலும் கீர்த்தி கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னாள். பெரிய அதிர்வுக்கு முன்னால் சில சமயம் சின்னச் சின்னதாக வரும். அதற்கு முன்னதிர்வு என்று பேர். ஆனால் பெரியது வந்த பிறகுதான் அந்தப் பேரை வைக்க முடியும். வராவிட்டால் அது வெறும் சின்ன அதிர்வு. வருகிற நேரத்தில் இரண்டுக்கும் ஒரே முகம்தான்; மெஷினில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

"மத்த ஊருங்கள்ல பார்த்த கணக்கு ஒண்ணு இருக்கு. இப்படி நூறு தடவை குலுங்கினா, சுமாரா ஒரு அஞ்சு தடவை, அதைவிடப் பெரிசு ஒண்ணு சில நாளுக்குள்ள வந்திருக்கு. மீதி தொண்ணூத்தஞ்சு தடவை ஒண்ணும் இல்லை. நம்ம பாறைக்கும் அதே கணக்கான்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

"நூத்துக்கு அஞ்சு."

"சுமாரா. அக்கா, இன்னொண்ணு. இது ஆபீஸ் பேச்சு இல்லை. அந்தச் சுவருக்கு அடியில என்னைப் படுக்கச் சொன்னா நான் படுக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டு பானு சுவரைப் பார்த்தாள். அரைமணி நேரம் முன்னால் ஒட்டுமொத்த முகாமும் தானாகவே நகரத் தயாராக இருந்தது. அதைத் தன் வாயாலேயே உட்காரவைத்தாயிற்று.

முரளிக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். "கல்லுன்னா நாளைக்குன்னே விட்டிருக்கலாம்ல? இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போவல. மேடம் மறுபடி போன் பண்ணிச்சு, நாளைக்கே வருதாம்னு ஒரு வார்த்தை சொல்லு. ஓடிருவானுங்க."

"நாளைக்கு வரலன்னா?"

"வரலன்னா நல்லதுதான?"

"நாளைக்கு வரலன்னா நாளன்னைக்கு எல்லாரும் இங்கயே வந்து படுப்பாங்க. அன்னிக்கு வந்துச்சுன்னா? அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் எவன் கேப்பான்?"

அவள் எல்லாரையும் கூப்பிட்டாள். கீர்த்தி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நூற்றுக்கு அஞ்சு. வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் சுவரை விட்டு எல்லாரும் இப்போதே நகர வேண்டும், எதிரே கம்பியும் ஜல்லியும் கிடக்கிற திறந்த யார்டுக்கு.

ஜனங்கள் சிரித்தார்கள். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது.

"நேத்து வந்துட்டுப் போனதுக்கு நாளைக்கு எடத்த மாத்தணுமா தாயி?"

"அஞ்சுதான? பரீட்சையில அஞ்சு வாங்குனா பெயிலு."

பானுவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "வனஜா, காலையில கிரேன்ல கம்பிக்கட்டு ஏத்துறோம். அந்தத் தூக்குற பெல்ட்டு இருக்கே, நூறு தூக்கு தூக்குனா அஞ்சு தூக்குல அறுந்துரும்னு ஒருத்தன் எழுதி ஒட்டிக் குடுக்குறான்னு வெச்சிக்கோ. அது கீழ நிப்பியா?"

"நான் எதுக்கு நிக்கிறேன். அந்த பெல்ட்ட வெட்டிப் போடச் சொல்லுவேன்."

"ஏன், தொண்ணூத்தஞ்சு தடவை அறாதே."

இவர்கள் பூமியைப் பற்றி யோசித்தவர்கள் இல்லை. பெல்ட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். ஒரு நூல் பிரிந்திருந்தால்கூட அந்த பெல்ட்டைத் தனியாகத் தூக்கிப் போட்டுவிடுவது அந்தக் கும்பலின் வழக்கம். அடுத்த தூக்கில் அறும் என்று யாரும் ஜோசியம் சொல்லிப் போடுவதில்லை.

"அப்ப யாருக்கும் அதுக்கு மேல பேச்சு வாணாம்" என்றாள் பானு. "முரளி, ஏறு."

முரளி தங்கள் கொட்டகை மேல் ஏறி, தகரத்தைப் பிடித்திருந்த ஜெ-போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். முதல் தகரம் சத்தத்தோடு கீழே வந்தது. அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு யார்டைப் பார்த்து நடந்தாள். அதுதான் அவளுடைய யோசனை. சாமானை மட்டும் எடுத்துப் போனால் முதல் மழைக்கே திரும்பி வந்துவிடுவார்கள். கூரையையே எடுத்துவிட்டால் திரும்பி வருவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

முதலில் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். அப்புறம் வனஜா, சுப்பையாவின் முதுகில் ஒன்று வைத்து மேலே ஏற்றினாள். இருட்டுவதற்குள் சுவரோரம் வெறும் குச்சிகள்தான் நின்றன.

வியாழக்கிழமை காலையில் சைட் இன்ஜினியர் ஜெயந்த் வந்து யார்டைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான். பூனாவிலேயே, ராஸ்தாபேட்டில் வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழ் பேசுவான், ஒவ்வொரு வார்த்தையையும் தட்டிப் பார்த்து.

"பானு தாயி, இது என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? சனிக்கிழமை கஸ்டமர் விசிட் இருக்கு. சாம்பிள் ஃப்ளாட் பார்க்க வரவங்களுக்கு முதல்ல இதுதான் தெரியும்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் போனைத் தடவிப் பார்த்தான். "ஆபீஷியல் வார்னிங் ஒண்ணும் இல்லையே."

"இல்ல சார். கேட்டா தெரியாதுன்னுதான் சொல்றாங்க. தெரியாதுன்னா சுவருக்கு அடியில படுக்கச் சொல்றீங்களா?"

"நான் அப்படி சொல்லல. வெள்ளிக்கிழமைக்குள்ள பழைய இடத்துலயே மாட்டிடுங்க."

"மாட்டலாம். முழு நாள் ஆவும், எல்லா ஆளும் வேணும். சாம்பிள் ஃப்ளாட் பாத்ரூம்ல டைல்ஸ் பாதியில நிக்குது. அத யாரு ஒட்டுறது, நீங்களா?"

ஜெயந்த் யார்டைப் பார்த்தான், சுவரோரத்துக் குச்சிகளைப் பார்த்தான், வாட்சைப் பார்த்தான். கடைசியில் ஸ்டோரிலிருந்து பச்சை வலை கொண்டுவரச் சொல்லி யார்டைச் சுற்றிக் கட்டி மறைத்துவிட்டான். கெட்டவன் இல்லை. அவனுக்கும் மேலே ஆள் இருந்தார்கள்.

வியாழன் போனது. ஒரு கரண்டிகூட ஆடவில்லை. வெள்ளியும் போனது. யார்டில் தண்ணீர் தேங்கி, பாய்க்கு அடியில் தவளை வந்தது. பூரான் ஒருத்தியைக் கடித்தது. போகிற வருகிறவன் எல்லாம் நின்று, "தாயி, இன்னிக்கு எத்தினி பர்சென்ட்டு?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் கீர்த்தியிடம் உண்மையிலேயே அதைக் கேட்டாள். நாள் ஆக ஆக அந்த எண் குறைந்துகொண்டே வரும் என்றாள் கீர்த்தி; இப்போது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பானு அதையும் வந்து அப்படியே சொன்னாள்.

"அப்ப திரும்பிடலாம்ல" என்றாள் வனஜா. "என் பாயில மீன் பிடிக்கலாம் போலருக்கு."

"ஞாயித்துக்கிழமை பேசலாம்."

"உனக்கே ஒரு மாதிரி இல்லியா தாயி?"

இருந்தது. தன் பேச்சைக் கேட்டு இத்தனை பேர் சேற்றில் கிடக்கிறார்கள் என்பது சோறு இறங்கும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியது. ஆனால் சுவரின் வயிற்றிலிருந்து செந்தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு வாய் எடுத்துக்கொள்வாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. வாசல் பக்கம் பந்தல், நாற்காலி, கஸ்டமர்களின் கார்கள் வரிசையாக. விசிட் முடிகிறவரை சத்தம் கூடாது என்று வேலையை நிறுத்தியிருந்ததால் கும்பல் முழுக்க யார்டில் கிடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து சிலர் சாய்ந்திருந்தார்கள்.

முதலில் சத்தம். டம்பர் ஒன்று பூமிக்கு உள்ளே கருங்கல்லைக் கொட்டுகிற மாதிரி. அது என்ன என்று தலை தூக்குவதற்குள் தரை அவர்களைக் கீழேயிருந்து உதைத்தது. கம்பிக்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டன. பானு எழுந்தாள், விழுந்தாள், மறுபடி எழுந்தாள். எதிரே கட்டடம் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் சாரக்கட்டு மட்டும் காலிலிருந்து தலைவரை கடகடத்தது.

அப்புறம்தான் சுவர். ஒரேயடியாக விழவில்லை. வயிறு தள்ளியிருந்த இடம் முதலில் வாயைத் திறந்தது. அந்த வாய் வழியாகப் பின்னாலிருந்த மண் மொத்தமும் வெளியே வந்தது, கல்லையும் தள்ளிக்கொண்டு, குச்சிகளை ஒடித்துக்கொண்டு. அடுப்பு இருந்த இடம், பாய் இருந்த இடம், பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டியிருந்த இடம், எல்லாவற்றின் மேலும் இடுப்பு உயரத்துக்குக் கல் கிடந்தது. தூசி எழக்கூட இல்லை, அவ்வளவு ஈரம்.



பானு பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். கொட்டகை வரிசைப்படி, ஒவ்வொரு பேராக. இருக்கேன், இருக்கேன் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். பூரான் கடித்தவளும் இருந்தாள்.

"சுப்பையா."

பதில் இல்லை.

"சுப்பையா எங்க?"

வனஜா திரும்பிக் கல்குவியலைப் பார்த்தாள். ஒரு சத்தமும் போடாமல் அதைப் பார்த்து ஓடினாள். பானு பின்னாலேயே ஓடி அவள் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். மேலே இன்னும் கல் தொங்கிக்கொண்டிருந்தது. வனஜா அவள் கையைக் கடித்தாள். பானு விடவில்லை.

அப்போது பச்சை வலையைத் தூக்கிக்கொண்டு சுப்பையா வந்தான். இடுப்பில் யாரோ கட்டிவிட்ட வெள்ளைத் துணி, கையில் பெரிய ட்ரே, அது நிறைய வடா பாவ். பந்தலில் பரிமாற ஆள் குறைகிறது என்று ஜெயந்த் அவனை இழுத்துப் போயிருக்கிறான்.

"எல்லாரும் ஓடிட்டாங்க" என்றான். "கார ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம முட்டிக்கிறாங்க. நான் இத எங்க வெக்கிறதுன்னு தெரியாம…"

வனஜா அவனை அறைந்தாள். பிறகு அவன் தோளில் விழுந்து அழுதாள். அப்போதும் அவன் ட்ரேயைக் கீழே விடவில்லை.

அதற்குப் பிறகு சத்தம் வந்தது பாருங்கள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத சத்தம். ஆண்கள் பானுவைத் தூக்கப் பார்த்தார்கள். ஒரு கிழவர் காலில் விழ வந்தார். "தாயி சொன்னா நடக்குது, வாக்கு பலிக்குது" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"என்னா பலிச்சுது?" என்றாள் அவள். "வரும்னு நான் எப்ப சொன்னேன்? வராதுன்னுதான நெனச்சேன். நாளைக்கு எவனாவது எனக்குச் சாம்பிராணி போட்டான், அவனுக்கு ஒரு வாரம் மண் சுமக்குற வேலைதான்."

அப்படிச் சொன்னாளே தவிர, முகத்தை அவளால் அடக்க முடியவில்லை. பல்லெல்லாம் தெரிந்தது. ஒரு வடா பாவை எடுத்து ரெண்டே வாயில் தின்றாள்.

சாயங்காலத்துக்குள் கீர்த்தி வந்துவிட்டாள், அதே மழைக்கோட்டில். சுற்றுவட்டாரத்தில் ஓட்டு வீடுகளும் சில சுவர்களும் விழுந்திருக்கின்றன, உயிர் போனதாகத் தகவல் இல்லை என்றாள். கல்குவியலுக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு பானுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இப்பப் பேர் வைக்கலாம் அக்கா. திங்கட்கிழமை வந்தது, செவ்வாய்க்கிழமை வந்தது, எல்லாம் முன்னதிர்வு."

"இது வராமப் போயிருந்தா?"

"வராமப் போயிருந்தாலும் நீங்க செஞ்சது சரிதான்னு சொல்லியிருப்பேன்."

"அப்ப இவளுங்க என்னையும் உங்களையும் சேத்துத் திட்டியிருப்பாளுங்க."

"திட்டட்டுமே. திட்டுறதுக்கு உசுரோட இருப்பாங்கல்ல."

"இனிமே பின்னால குட்டி குட்டியா வரும், பயந்துடாதீங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, கீர்த்தி தன் கேள்விகளை ஆரம்பித்தாள். நின்னவங்க தடுமாறினாங்களா? இந்த முறை வனஜாவிடம் நக்கல் இல்லை. சுப்பையாவின் சட்டைக் கையைப் பிடித்தபடியே பதில் சொன்னாள்.

ஜெயந்த் பந்தலில் மிச்சமிருந்த சாப்பாட்டையெல்லாம் யார்டுக்கு அனுப்பியிருந்தான். கடைசியில் அவனும் வந்தான். ஹெல்மெட் கையில், சட்டையெல்லாம் சேறு. பானுவின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"பில்டர்கிட்ட பேசிட்டேன். புது ஷெட் போட்டுத் தராங்க. எங்க போடணும்னு நீங்க காட்டுங்க தாயி. நான் மார்க் பண்றேன்."

பானு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். யார்டைத் தாண்டினாள். சுவர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. கட்டடத்தைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். அங்கே தரை மேடாக, சமமாக, சுற்றிலும் எந்தச் சுவரும் இல்லாமல், தண்ணீர் தேங்காமல் இருந்தது. பேவர் கல்கூடப் புதிதாகப் பதித்திருந்தார்கள். நடுவில் போய் நின்று செருப்புக் காலால் தட்டினாள்.

"இங்க."

ஜெயந்த் தலையைச் சொறிந்தான். "தாயி, இது விசிட்டர் பார்க்கிங்."

"காலையில வரைக்கும்" என்றாள் பானு. பிறகு திரும்பி, "முரளி, கடப்பாறை எடுத்தா" என்று குரல் கொடுத்தாள்.